வளர்ப்புப் பிராணிகள்: காத்தலும் மீட்டலும்

பழந்தமிழர் புறவாழ்வில் ஆநிரை பெற்றிருந்த இடம் பெரிது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல் வெட்சி எனப்பட்டது. கவரப்பட்ட நிரையை மீட்டு வருதல் கரந்தை எனப்பட்டது. தொல்காப்பியர் மீட்டலையும் வெட்சியுள்ளேயே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ கரந்தையைத் தனித் திணையாகவே வகுத்தது. இழந்த உயிர்ச் செல்வத்தை மீட்டு வருதலுக்கு ஒரு திணையையே ஒதுக்கிய மொழி தமிழ்மொழி.

ஆநிரையைக் காத்த நாய்க்கும் அந்நாளில் சிறப்புண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்தும் ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்பதற்குக் காரணம், அது எழுதி வைக்கப்பட்டமையே.

அக்காலச் சிற்றூரில் மாடோ நாயோ வழி தவறினால், அது இன்னாருடையது என்பதைக் கண்டவர் எவரும் சொல்லிவிடுவர். விலங்கின் அடையாளம் ஊராரின் நினைவிலே இருந்தது. இன்றைய நகர வாழ்வில் அந்நிலை இல்லை. அங் மோ கியோவிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ அடுக்குமாடி வீட்டினுள் வளரும் பூனையை, எதிர்வீட்டாரும் கண்டிருக்கமாட்டார். கதவைத் தாண்டிய கணமே அது யாருக்கும் உரியதல்லாத ஒரு பூனையாகிவிடுகிறது. ஊர் நினைவு செய்து வந்த வேலையை இன்று வேறொன்று செய்தாக வேண்டும். விலங்கு தன் அடையாளத்தைத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். அவ்வடையாளம் சரியானதொரு பதிவேட்டில் இருக்க வேண்டும். உரியவர் முறையறிந்து தேட வேண்டும். இம்மூன்றும் அமைந்த இடத்தில் மீட்சி எளிதாகிறது.

எவ்வாறு தொலைகின்றன?

பிராணிகள் தொலைவது அரிதான நிகழ்ச்சியன்று. அமெரிக்க நாட்டில் நாயோ பூனையோ வளர்ப்போர் ஆயிரத்துக்கு மேற்பட்டவரிடம் நடத்தப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, ஐந்தாண்டுக் காலத்துள் நூற்றுக்கு 15 பேர் தம் பிராணியை ஒருமுறையேனும் காணாமற்போக்கியிருந்தனர். தொலைந்த நாய்களுள் நூற்றுக்கு 93 மீண்டன. பூனைகளுள் மீண்டவை நான்கில் மூன்று பங்கு. நாய்களுள் ஏறத்தாழப் பாதி, உரியவர் சுற்றுப்புறத்தில் தேடியதனால் கிடைத்தவை. காப்பகங்களிற் கண்டெடுக்கப்பட்ட நாய்களோ நூற்றுக்கு 6 மட்டுமே. வீட்டில் அமர்ந்தபடி எவரேனும் தகவல் தருவர் எனக் காத்திருப்போர் இக்கணக்கைக் கருத வேண்டும்.

தொலைவதற்குரிய வாயில்கள் சிலவே. முதலாவது, சொற்பொருளாகவே வாயில்: பொருள் கொண்டுவருபவருக்காகத் திறந்த கதவு, குழந்தைகள் சாத்த மறந்த இரும்புக் கதவு, பழுதுபார்க்க வந்தவர் திறந்து வைத்த சன்னல். இரண்டாவது, அச்சம். பருவமழைக்கால இடியும், தீபாவளி, சீனப் புத்தாண்டு நாள்களில் கேட்கும் வெடியோசையும், மனிதரைவிட மிக நுட்பமாய்க் கேட்கும் செவிகளுக்குப் பெருந்துன்பம். அச்சத்தால் ஓடும் நாய் வழியைக் குறித்துக்கொண்டு ஓடுவதில்லை. மூன்றாவது, வீடு மாறுதல். புதுவீட்டின் மணமும் ஒலியும் பழகாத பூனை, சிறிய இடைவெளி கிடைத்தாலும் நழுவிவிடும். நான்காவது, இனப்பெருக்க வேட்கை. கருத்தடை செய்யப்படாத ஆண் விலங்குகள் துணை தேடி அலைவது இயற்கை.

தடுக்கும் வழிகளும் இவற்றிலிருந்தே பெறப்படும். சன்னல்களுக்கும் முன்கதவின் கம்பிகளுக்கும் வலை அடித்தல், கருத்தடை செய்தல், வெடியோசை மிகும் இரவுகளில் பிராணியை உள்ளறையில் வைத்துச் சாத்துதல், வீடு மாறும் நாளில் எல்லாவற்றுக்கும் முன்பாக அதனைக் கூண்டிலிட்டுத் தனியறையில் வைத்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அடுக்குமாடியில் சன்னல் வலை தொலைவதை மட்டுமன்றி, உயரத்திலிருந்து வீழ்ந்து மடிவதையும் தடுக்கிறது.

தானே திரும்பி வருமா?

‘நாய்க்கு வழி தெரியும், தானே வந்து சேரும்’ என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவலாக உண்டு. இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. அமெரிக்க நாட்டு ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பாபி என்னும் நாய், 1923ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் தன் குடும்பத்தாரைப் பிரிந்தது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து, 1924 பிப்ரவரியில் அது ஊர் திரும்பியது. ஆனால் இத்தகைய செய்தி ஒரு நூற்றாண்டாகப் பேசப்படுவதே அது எத்துணை அரியது என்பதைக் காட்டுகிறது.

நாயின் வழியறி திறத்தை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். செக் நாட்டு ஆய்வாளர் 27 வேட்டை நாய்களுக்கு இடங்காட்டும் கருவி பூட்டிக் காடுகளில் விட்டனர். முடிவுகள் 2020இல் வெளியாயின. சில வேளைகளில் நாய்கள் தாம் சென்ற தடத்தையே பற்றி மீண்டன. வேறு சில வேளைகளில் புதுவழியே குறுக்காக வந்தன. அவ்வாறு வருமுன், பல நாய்கள் வடக்குத் தெற்குத் திசையில் ஏறத்தாழ 20 மீட்டர் தூரம் ஓடிப் பார்த்தன. நிலவுலகின் காந்தப் புலத்தை அவை திசையறியப் பயன்படுத்தலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

வியப்புக்குரிய திறமே எனினும், அது பயின்ற வேட்டை நாய்கள் அமைதியான காட்டிலே காட்டிய திறம் என்பதை மறத்தலாகாது. விரைவுச் சாலையும், ஒன்றுபோல் தோன்றும் அடுக்குமாடிகளும், மின்தூக்கியும் நிறைந்த நகரிலே, பத்தாம் மாடியை மோப்பத்தால் கண்டுபிடித்து வரும்படி ஒரு செல்லநாயை எதிர்பார்ப்பது முறையன்று.

அடையாளம் என்னும் காப்பு

கழுத்துப்பட்டையும், அதிலே தொங்கும் பெயர்த்தகடும் மிகப் பழைய காப்பு, இன்றும் முதற்காப்பு. எந்தக் கருவியும் இன்றிக் கண்டவர் எவரும் படிக்கக் கூடியது அதுவே. தகட்டில் பிராணியின் பெயரைவிட இன்றியமையாதது தொலைபேசி எண். பூனைக்குப் பூட்டும் பட்டை, எங்கேனும் சிக்கிக்கொண்டால் தானே கழன்றுவிடும் வகையினதாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் காப்பே கண்ணியாகிவிடும்.

பட்டை கழலும், அறுபடும். ஆகவே கழலாத அடையாளம் ஒன்றும் தேவையாயிற்று. மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு அவ்வகையினது. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. ஒரு நெல்மணியின் அளவே எனலாம். கால்நடை மருத்துவர் அதனை ஊசி வழியே தோள்பட்டைகளுக்கு இடையே தோலின்கீழ்ச் செலுத்துவார். அதனுள் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகே கொண்டுவரும்போது, அக்கருவி வெளிவிடும் வானொலி அலையிலிருந்தே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. பின்னர் மீண்டும் உறங்கிவிடுகிறது. உலகத் தர அமைப்பின் விதிப்படி அவ்வெண் 15 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ, செய்த நிறுவனத்தையோ குறிக்கும்.

இதுபற்றிய தவறான கருத்தொன்றைக் களைதல் நலம். நுண்சில்லு, பிராணி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. இடங்காட்டும் கருவி வேறு. அது கழுத்துப்பட்டையில் பூட்டப்படுவது, மின்கலத்தால் இயங்குவது, மின்கலம் தீர்ந்தால் ஓய்ந்துவிடுவது. நுண்சில்லோ ‘நான் இன்ன எண்’ என்று மட்டுமே சொல்லும். அந்த எண்ணுக்குரியவர் யார், அவரை எவ்வாறு அழைப்பது என்பதெல்லாம் பதிவேட்டில் இருப்பவை.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். அமெரிக்கக் காப்பகங்கள் 53இல் நடந்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. தெருவிலிருந்து வந்த நாய்கள் அனைத்தையும் கணக்கிட்டால் உரியவரிடம் திரும்பியவை நூற்றுக்கு 22 அளவே. நுண்சில்லு உடையவற்றுள் திரும்பியவை 52. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது: எல்லாப் பூனைகளையும் கொண்டு பார்த்தால் நூற்றுக்கு 2ஐயும் எட்டவில்லை, நுண்சில்லு உடையவற்றுள் 38க்கு மேல். நுண்சில்லின் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும், நுண்சில்லு இருந்தும் உரியவரைக் கண்டறிய இயலாமற்போன பிராணிகளும் அவ்வாய்விலே பல. காரணங்களுள் முதலிடம் பெற்றது, தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தமை. அத்தகையவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சில்லுகள் சில பதிவே செய்யப்படாமல் இருந்தன. விலங்கு தன் கடமையைச் செய்தது. கருவியும் எண்ணைச் சரியாகப் படித்தது. உரியவர் தம் எண்ணை மாற்றியபோது அதனைப் பதிவேட்டில் மாற்ற மறந்ததால் எல்லாம் வீணாயின. அழைப்புக்குப் பதிலில்லாக் காப்பகத்தில் காத்திருக்கும் பிராணியின் முடிவு பெரும்பாலும் நல்லதாய் இருப்பதில்லை.

இரு நாடுகளிலும் சட்டம்

நாய்க்கு உரிமம் பெறுதல் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. வெறிநாய்க்கடி நோயைக் கட்டுப்படுத்துவதில் உரிமத்துக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் 1953 முதல் அந்நோயற்ற நாடாக இருந்து வருகிறது. மலேசியாவிலோ 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. ஆகவே அடையாளமின்றித் திரியும் நாயை அதிகாரிகள் வெறும் தொல்லையாகக் கருதுவதில்லை. பொதுநலக் கேடாகவே கருதுகின்றனர். மலேசியாவில் நாய்க்கான உரிமத்தை ஊராட்சி மன்றங்கள் வழங்குகின்றன. உரிமத் தகடு இல்லாத நாய் தெருநாயெனப் பிடிபடலாம். பிடிபட்டதை மன்றங்கள் நீண்டநாள் வைத்திருப்பதுமில்லை. எனவே நாய் காணாமற்போன அன்றே மன்றத்தின் நாய்க்கூடத்துக்கு நேரிற் சென்று பார்ப்பது இன்றியமையாதது.

சிங்கப்பூரில் நாய்களுக்கு நுண்சில்லும் உரிமமும் கட்டாயம். பூனைகள் பற்றிய மாற்றம் அண்மையது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் தடை இருந்தது. ஆயினும் மறைவாக வளர்த்தோர் பலர். மறைத்து வளர்த்த பூனை தொலைந்தால், அதனை வெளிப்படையாக அறிவிக்க உரியவர் தயங்குவது இயல்பே. 2024 செப்டம்பர் 1ஆம் நாள் அத்தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றுக்கு நுண்சில்லும் உரிமமும் வேண்டும். பழைய நிலையிலிருந்து மாறிக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டாண்டுக் காலம் வகுக்கப்பட்டது. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு மருத்துவப் பிரிவு இப்பதிவுகளைக் கவனிக்கிறது. முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறும்போது அங்கே தெரிவிப்பது, உரிமம் பெறுவதைப் போன்றே முதன்மையானது.

தேடும் முறை

தொலைந்த பிராணி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிந்து தேடுவோர் விரைவில் காண்பர். நாயும் பூனையும் இதில் முற்றும் வேறுபட்டவை.

வீட்டினுள்ளேயே வளர்ந்த பூனை வெளியே அகப்பட்டுக்கொண்டால், பெரும்பாலும் ஓடுவதில்லை; ஒளிகிறது. வளர்த்தவர் அருகே நின்று பெயர் சொல்லி அழைத்தாலும் குரல் கொடாது. தன் இருப்பிடத்தைப் பகைக்குக் காட்டலாகாது என்னும் இயல்புணர்ச்சி அதன் வாயை அடைத்துவிடுகிறது. ‘அழைத்தும் வரவில்லையே, இங்கே இல்லை போலும்’ என்று தேடுவோர் தொலைவுக்குச் சென்றுவிடுவர். பூனையோ மாடிப்படியின் கீழிருக்கும் பழைய பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. அமெரிக்கக் காவல்துறையில் மோப்ப நாய்களோடு பணியாற்றிப் பின்னர், காணாமற்போன பிராணிகளைத் தேடும் துறையில் இறங்கிய கேட் ஆல்பிரெக்ட் அம்மையாரும் அதன் ஆசிரியருள் ஒருவர். கிடைத்த பூனைகளுள் நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. வீட்டினுள் மட்டும் வளர்ந்தவை இன்னும் அண்மையிலேயே கிடைத்தன. நேரிற் சென்று தேடியவர்க்கே, பூனையை உயிருடன் மீட்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது.

ஆகவே பூனையைத் தேடுவோர் முதலில் தம் வீட்டினுள்ளே தேட வேண்டும்: அலமாரி, கட்டிலடி, துணி துவைக்கும் இயந்திரம். அடுத்து, தம் மாடியின் நடைவழி. பின் படிக்கட்டு வழியே மேலும் கீழும் ஒவ்வொரு மாடி. அதன்பின் தரைத்தளம், கால்வாய், நிறுத்தி வைத்த கார்களின் அடிப்பகுதி. தரை வீடுகளில், பக்கத்து வீட்டாரின் இசைவு பெற்று அவர்தம் சாமான் கொட்டகையைத் திறந்து பார்த்தல் வேண்டும். ‘எங்கள் வீட்டில் இல்லை’ என்னும் விடையோடு நிறைவடைதல் கூடாது. நள்ளிரவும் விடியற்காலையும் சிறந்த வேளைகள். ஓசை அடங்கிய பின்பே பூனை அசையும். கைவிளக்கின் ஒளி பட்டால் அதன் கண்கள் இருளில் மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

நாயின் நிலை வேறு. அது தொலைதூரம் ஓடவல்லது. மக்களின் கண்ணிலும் எளிதிற் படுவது. ஆதலின் நாயைத் தேடுவோர், தம் கண்ணைவிடப் பிறர் கண்ணையே நம்ப வேண்டும். அக்கம்பக்கத்தாரிடமும், காலையில் நடைப்பயிற்சி செய்வோரிடமும், துப்புரவுப் பணியாளரிடமும், உணவங்காடிக் கடைக்காரரிடமும் நிழற்படத்தைக் காட்டிக் கேட்டல் வேண்டும். கண்ணிற் பட்ட நாயைத் துரத்தலாகாது. அஞ்சிய நாய்க்கு, ஓடிவரும் மனிதர் அனைவரும் பகைவரே. வளர்த்தவரைக்கூட அது அந்நிலையில் அறியாமல் ஓடிச் சாலையில் வீழ்வதுண்டு. தரையில் அமர்ந்து, முகத்தைச் சற்றே திருப்பி, உணவை அருகே வைத்துப் பொறுத்திருப்பதே அதனைப் பிடிக்கும் வழி.

பறந்துபோன கிளிக்கு, அதன் பழைய கூண்டையும் விருப்பமான உணவையும் வெளியே தெரியும்படி வைத்து, பழகிய குரலால் அழைத்தல் பயன் தரும். பறவை உயரப் பறக்க அறியுமேயன்றி, உயரத்திலிருந்து இறங்கப் பலவேளை அறியாது. அது இறங்கி வரப் பொழுது பிடிக்கும்.

அறிவிப்பும் எச்சரிக்கையும்

காணவில்லை என்னும் அறிவிப்பு எழுதுவதும் ஒரு கட்டுரைப் பயிற்சியே. நீண்ட வருணனை பயன்படாது. தாளைக் கடந்து செல்பவர் அதனைப் பார்ப்பது சில நொடிகளே. ‘காணவில்லை’ என்னும் சொல், பெரிய நிழற்படம், விலங்கின் நிறமும் வகையும், தொலைபேசி எண் ஆகியவை தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். பல மொழியினர் கூடி வாழும் குடியிருப்பில், அறிவிப்பை ஒரு மொழியில் மட்டும் எழுதினால் படிப்போர் குறைவர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் அத்தலைச்சொல்லாவது இடம்பெறுதல் நன்று. மாணவர் இப்பணியில் பேருதவி புரியலாம். சமூக ஊடகங்களிலும் அதே படத்தையும் அதே எண்ணையும் வெளியிடல் வேண்டும். விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைகளுக்கும் தெரிவித்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: விலங்கின் அடையாளங்கள் அனைத்தையும் வெளியிட்டுவிடலாகாது. வயிற்றிலுள்ள வெண்புள்ளி போன்ற ஒன்றை மறைத்து வைத்தல் வேண்டும். ‘உங்கள் பூனை என்னிடம் உள்ளது, முதலில் பணம் அனுப்புங்கள்’ என்று கூறும் வஞ்சகரை, அந்த ஒன்றைக் கேட்டே இனங்காணலாம். பிராணியைக் கண்ணாற் காணுமுன் பணம் கொடுத்தல் தகாது.

தேடுவதை எப்போது நிறுத்துவது என்பது கடினமான வினா. மேற்கூறிய 2018 ஆய்வில், மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் முதல் ஏழு நாள்களுக்குள் கிடைத்தன. ஓராண்டுக்குள் கிடைத்தவை நூற்றுக்கு 61; அவற்றுள் மிகப் பலவும் முதல் இரண்டு மாதங்களுக்குள் கிடைத்தவையே. ஆகவே முதல் வாரத்தில் முழுமுயற்சி வேண்டும். இரண்டு மாதம் வரை நம்பிக்கை இழத்தல் வேண்டா.

உரியவர் செய்யத்தக்கவற்றுள் மிக எளியது, பிராணி வீட்டில் நலமாய் இருக்கும்போதே செய்யவேண்டியது. கழுத்துத் தகட்டிலும் பதிவேட்டிலும் உள்ள தொலைபேசி எண், இன்று கையிலிருக்கும் எண்தானா என்று பார்த்துத் திருத்துவதே அது. அதற்குச் சில மணித்துளிகள் போதும். கோவிவனின் பெயரைக் கல்லிற் பொறித்த ஊரார், தம் கடமையைக் குறைவறச் செய்தனர். பெயரோடு எண்ணையும் பொறித்து, அதனைப் பிழையின்றிப் பேணுவது இக்காலத்தார் கடமை.